சபாநாயகர் தந்த ஒரு நிமிடம்

பாராளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் வேலைக்குச் சேரப்போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கனடாவில், அஜின்கோர்ட்டில் எங்கள் எம்பி தயாபரனின் அலுவலகத்தை ஓய்வு பெறும்வரை நடத்தியவள் நான். பாஸ்போர்ட், விசா, பென்ஷன் எங்கள் வேலை. வீதியில் ஸ்னோ அள்ளுவது சிட்டியின், அதாவது நகரசபையின், வேலை. இதை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்தி வென்றவர் எவரும் இல்லை. "வோட் போட்டது உவருக்கு. அப்ப உவர்தான் வந்து அள்ளவேணும்" என்பார்கள்.

1. பெயர் வாசிப்பு

சுகந்தி ஆறுமாதப் பிள்ளைத்தாச்சி. புருஷன் ட்ரக் ஓட்டி, பாதி நாள் வீட்டில் இல்லை. பிள்ளைப்பேறு பார்க்க வவுனியாவிலிருந்து தாய் வரவேண்டும். வந்தால் திரும்பிப் போகமாட்டார் என்று விசாவை மறுத்துவிட்டார்கள். அந்த நேரம் தயாபரனுக்குச் சபையில் ஒரு நிமிடம் கதைக்க இடம் கிடைத்தது. சுகந்தியின் கதையை எழுதிக் கொடுத்தேன்.

செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. முதலில் வந்தவர் ஊர்ச் சங்கச் செயலாளர் பரமலிங்கம் அண்ணை.

"தங்கச்சி, எங்கடை சங்கத்தின்ரை பேர் முதல்லை வரவேணும். மற்றச் சங்கத்துக்குப் பிறகு வந்தா நாங்கள் எப்பிடி வெளியிலை தலைகாட்டுறது?"

மற்றச் சங்கம் என்பது இதே சங்கம் உடைந்து உண்டானது. அவர்களும் வந்தார்கள். பிறகு பழைய மாணவர்கள், கோயில் சபைகள், ஒரு கிரிக்கெட் கழகம். தயாபரனுக்கு இல்லை என்று சொல்ல வராது. "பேர்தானே அக்கா, டக்கெண்டு வாசிச்சிடுவன்" என்றார்.

அன்று அலுவலக டிவிக்கு முன்னால் சுகந்தி, நான், பரமலிங்கம் அண்ணை. தயாபரன் எழும்பினார். சபாநாயகரை விளித்தார். பிறகு எங்கள் கலைவிழா மேடையில் நிற்பதுபோல ஒவ்வொரு சங்கமாக விளிக்கத் தொடங்கினார். கிரிக்கெட் கழகத்தையும் முடித்து, மூச்சு இழுத்து, சுகந்தி என்று வாயெடுக்க, நேரம் முடிந்தது. சபாநாயகர் அடுத்தவரைக் கூப்பிட்டார். அந்த மனிசன் ஐஸில் கல் தள்ளி விளையாடும் தன் ஊர் கர்லிங் அணியை ஒரு முழு நிமிடம் புகழ்ந்தார்.

பரமலிங்கம் அண்ணை எழும்பி நின்று கைதட்டினார். "வரலாறு தங்கச்சி, வரலாறு!"

"அக்கா, அம்மான்ரை கதை எப்ப வரும்?" என்று கேட்டாள் சுகந்தி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உடனே பாராளுமன்றம் இருக்கும் ஒட்டாவாவுக்குப் போன் அடித்தேன்.

"தம்பி, உமக்கு வோட் போட்டது சங்கங்களோ, ஆக்களோ?"

"ஒருத்தரை விட்டா மற்றவை கோவிப்பினம் அக்கா."

"கோவிக்கட்டும். பிள்ளைத்தாச்சியை முன்னுக்கு விடும்."

2. கோபித்தவர்

தயாபரன் கட்சிக்காரரைக் கெஞ்சி இன்னொரு நிமிடம் வாங்கினார். இந்தமுறை சுகந்தியில் தொடங்கினார். அவள் தாயைச் சொன்னார், இதே தொகுதியில் இதே காரணத்துக்கு மகளின் கலியாணத்தைத் தவறவிட்ட பிலிப்பீனோ தகப்பனைச் சொன்னார், பேரனை போனில் மட்டுமே பார்க்கும் சீனத்துக் கிழவியைச் சொன்னார். எதிர்க்கட்சியினர் இருந்த வாங்கிலும் சில தலைகள் ஆடின. சங்கங்களுக்கு நன்றி சொல்ல வாயெடுக்க, நேரம் முடிந்தது.

தயாபரனின் கடிதத்தோடு மீண்டும் போட்ட விண்ணப்பத்துக்கு விசா கிடைத்தது. பேச்சாலோ, கடிதத்தாலோ, பிள்ளையாராலோ, தெரியாது. தாய் வந்து இறங்கிய பிறகுதான் பிள்ளை பிறந்தது. நான் ஆஸ்பத்திரியில் நின்று அழுதேன்.

பரமலிங்கம் அண்ணை மட்டும் கொதித்துக்கொண்டு வந்தார். "எங்கடை பேர் வரேல்லை! உவர் இனி எங்கடை ஆளே இல்லை!" அலுவலகம் அதிரக் கத்திவிட்டு வாசல்வரை போனார். பிறகு மெல்லத் திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"தங்கச்சி, என்ரை அக்காவுக்கும் விசா மறுத்துப்போட்டாங்கள். கண்ணை மூட முன்னம் ஒருக்காப் பாக்கவேணும். அடுத்தமுறை அவவின்ரை பேரை..."

"சங்கத்தின்ரை பேர், அண்ணை?"

"அது கிடக்கட்டும்."

ஆகவே பிள்ளைகளே, எம்பிக்குப் பேச்சு எழுதும்போது ஆளின் பெயரை முதலில் போடுங்கள். நேரம் மிஞ்சினால் சங்கத்தின் பெயர். நேரம் ஒருநாளும் மிஞ்சாது.