பாச்சா சார் பேசாமல் நடத்திய பாடம்

ஐயம்பேட்டைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்திய பார்த்தசாரதியை எல்லோரும் பாச்சா சார் என்றே அழைத்தார்கள். சின்ன காஞ்சிபுரத்துக்காரர். வரதர் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் அவர் குரல் தனியாகக் கேட்கும். வகுப்பிலும் மணி அடித்துத் தொடங்கினால் அடுத்த மணி வரை அவர் ஒருவரே பேசுவார்.

2006 கோடையில் அந்தக் குரல் கம்மிப்போயிற்று. சென்னை டாக்டர் தொண்டையில் இருந்த சிறு கட்டியை எடுத்தார். ஆபத்தான கட்டி இல்லை. ஆனால் தீபாவளி வரை வகுப்பில் குரலெடுத்துப் பேசவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

தலைமையாசிரியர் துரைக்கண்ணு நல்ல மனிதர். அதுவரை நூலகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். பாச்சா சாருக்கு அது ஓரங்கட்டுவது போலப் பட்டது. அவர் முகத்தைப் பார்த்த கம்ப்யூட்டர் டீச்சர் கிருஷ்ணவேணி, "நீங்க பேச வேணாம் சார். டைப் பண்ணுங்க, சுவத்துல பெருசா தெரியும்" என்றாள்.

ஆண்டு விழாவுக்கு மட்டும் வெளியே வரும் புரொஜெக்டரைக் கம்ப்யூட்டர் அறையில் பொருத்தினார்கள். வெளிச்சம் வராமல் ஜன்னலில் பழைய வேட்டி தொங்கியது. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அவர் தட்டினார். தமிழ் எழுத்தில் அடிக்க யாருக்கும் தெரியாததால் ஆங்கில எழுத்தில் தமிழ். ஒன்பதாம் வகுப்பு முதல் நாள் சிரித்தது.

ஒரு வாரத்தில் அவருக்கு விரல் வலித்தது. கேள்வியை மட்டும் தட்டிவிட்டுக் கீபோர்டைப் பெஞ்சுகளுக்குக் கொடுத்தார். ஒரு பெஞ்சு கூடிப் பேசிப் பதில் எழுதும்; அடுத்த பெஞ்சு அதைத் திருத்தும்.

பருவமழைப் பாடம் வந்தபோது, பெரிய காஞ்சிபுரத்து பிரவுசிங் சென்டரிலிருந்து கிருஷ்ணவேணி மேகப் படங்களை சி.டி.யில் கொண்டுவந்தாள். கேரளத்துக்கு ஆடியில் மழை கொட்ட, நமக்கு ஏன் ஐப்பசியில் என்று கேள்வி. ஒரு பெஞ்சு கடல் தூரம் என்றது. இன்னொன்று அதை அழித்துவிட்டு மலை இல்லை என்றது. சத்தம் கூடியது. விடையைச் சொல்லிவிட அவருக்கு வாய் துறுதுறுத்தது. கீபோர்டோ அபிநயாவிடம் இருந்தது. வருகைப் பதிவுக்குக்கூடத் தலையை மட்டும் ஆட்டும் பெண் அவள். படத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் தட்டினாள். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வருகிறது, மலை மழையை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. ஐப்பசியில் காற்று திரும்பி நம் கடல் பக்கமிருந்து வருகிறது. யாரும் அதை அழிக்கவில்லை. பின் பெஞ்சு பிரேம்நாத் எழுந்து போய்ச் சுவரில் விழுந்த படத்தின் மேல் காற்றின் வழியை விரலால் காட்டினான்.

தீபாவளி கழிந்து டாக்டர் அனுமதி கொடுத்தார். அன்று பாச்சா சார் மணி முழுக்கப் பேசினார். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும் பிரேம்நாத் எழுந்து, "சார், நாளிக்கு நாங்க எழுதலாமா?" என்றான்.

அது அவரைக் குத்தியது. வீட்டில் மனைவி அம்ருதவல்லியிடம், இருபத்தைந்து வருஷம் பேசியதெல்லாம் வீண்தானோ என்று கேட்டார்.

"வீண்னு யார் சொன்னா? அவாளையும் கொஞ்சம் பேச விடுங்கோ, அவ்வளவுதான்" என்றாள்.

இரண்டு நாள் அவளுக்கு முகம் கொடுக்காமல் இருந்தார். பிறகு வகுப்பில் பாதி நேரம் அவர் பேசுவது, மீதியைப் பெஞ்சுகளுக்கு விடுவது என்று வைத்துக்கொண்டார். கோயில் கோஷ்டியில் குரலின் பழைய உச்சம் திரும்பவில்லை. அந்த வருத்தத்தை அவர் மறைக்கவும் இல்லை.

அடுத்த ஆண்டு கணக்கு வாத்தியாரும் அறிவியல் டீச்சரும் அந்த அறையைக் கேட்டார்கள். துரைக்கண்ணு முறை போட்டுக் கொடுத்தார். பாச்சா சாருக்கு வாரத்தில் ஒரு வகுப்புதான் கிடைத்தது. மற்ற நாட்களில் கரும்பலகையைக் கோடு போட்டுப் பிரித்து, பெஞ்சுக்கு ஒரு பங்காகக் கொடுத்துவிட்டு, அவர் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.