ரெட்டைச் சுழித் தலை

பேன் என்றால் குமட்டுகிறது என்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். ஆனால் ஒன்று சொல்லிவைக்கிறேன்: இந்தக் கதையில் வருகிற உயிர்களுக்குள் பேன்தான் சுத்தமானது.

பேன் எடுக்கிறவள் என்பதால் ஊர் அவளைப் பேன்காரி என்றது; முதலில் அவள் ஓர் அழகு நிலையத்தில் தலை கழுவும் வேலை பார்த்தாள். ஒருநாள் பெரிய இடத்துப் பெண்மணி ஒருத்தியின் தலையில் ஷாம்பு நுரைக்குள்ளே ஒரு கூட்டுக்குடும்பமே நீந்துவதைக் கண்டு, "ஐயோ, இம்புட்டுப் பேனா!" என்று கத்திவிட்டாள். அன்றைக்கே வேலை போயிற்று. மறுநாள் அதே பெண்மணி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இவள் வீட்டுக் கதவைத் தட்டினாள். "யார்கிட்டயும் சொல்லாம எடுத்து விடுவியா?" வாயால் போன பிழைப்பு, வாயை மூடிக்கொண்டதும் திரும்பி வந்தது.

அதன்பிறகு அதுவே தொழிலாகிவிட்டது. பல் டாக்டர் ஒருவர் கழித்துப் போட்ட சாய்வு நாற்காலியை வாங்கி முன்னறையில் போட்டாள். வளைகழுத்து விளக்கு, எஃகுப் பேன் சீப்பு, வெள்ளைத் துண்டு, பிடித்ததைப் போட ஒரு கண்ணாடிக் கிண்ணம். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், கண்ணில் பூதக்கண்ணாடி என்று உட்கார்ந்தாளானால் ஈர் ஒன்று தப்பாது. சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கமும் தொடங்கி, பிடித்த பேன்களைப் பெரிதாக்கி வீடியோ போட்டாள். ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி அளவு தெரியும். அதில் ஒன்று கொட்டாவி விட்டதை என் கண்ணாலேயே பார்த்தேன். நம்பாதவர்கள் பேனிடமே கேட்டுக்கொள்ளலாம்.

ஊரில் பாதிப்பேர் அந்தப் பக்கத்துக்கு நண்பர்கள். உச்சந்தலையைப் படம் பிடித்து ரகசியமாக அனுப்புவார்கள். பார்த்துவிட்டு இவள் நேரம் சொல்வாள். அது யார் தலை என்று கட்டிய புருஷனிடம்கூட மூச்சு விடமாட்டாள். தெருவில் எதிரே வந்தாலும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டாள். அவளுடைய கடை அந்த ஒரு நம்பிக்கையில்தான் நின்றது.

அந்த நம்பிக்கையில்தான் மண் விழுந்தது. 'உங்கள் பக்கம் அசல்தான் என்று நீல முத்திரை தருகிறோம், இங்கே தொடுங்கள்' என்று ஒரு செய்தி வந்தது. தொட்டாள், கடவுச்சொல்லையும் கொடுத்தாள். மறுநாள் காலையில் எவனோ ஒரு களவாணி அவள் பக்கத்துக்குள் உட்கார்ந்துகொண்டு முடி வளரும் தைலம் விற்றுக்கொண்டிருந்தான். 'தைலத்துக்கு முன்' என்று வாடிக்கையாளர்கள் அனுப்பிய உச்சந்தலைகளை வரிசையாக ஒட்டியிருந்தான், ஈரும் பேனுமாக. 'தைலத்துக்குப் பின்' என்று ஏதோ விளம்பரக்காரியின் கூந்தல். சீ! திருடுகிறவன் நகையைத் திருடுவான், பணத்தைத் திருடுவான். அடுத்தவர் தலைப்பேனைத் திருடி விற்ற ஜன்மத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை.

படத்தில் முகம் இல்லைதான். ஆனால் தன் தலை தனக்குத் தெரியாதா? ஒருத்தராவது இவளைக் கூப்பிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எல்லோரும் ஓசைப்படாமல் 'இது மோசடிப் பக்கம்' என்று புகார் கொடுத்தார்கள். வலைத்தளக் கம்பெனி பக்கத்தைப் பூட்டிவிட்டது. களவாணியும் நுழைய முடியாது, இவளும் நுழைய முடியாது. படங்கள் மட்டும் கொடியில் போட்ட துணி மாதிரி ஊர் பார்க்கத் தொங்கின. அவற்றை இறக்க வேண்டுமென்றால் அவள் பூட்டைத் திறந்தாக வேண்டும்.

முகத்தைக் காட்டு என்றது கம்பெனி. காட்டினாள். 'பக்கத்தில் உள்ள முகத்தோடு பொருந்தவில்லை.' அங்கே இருந்ததெல்லாம் தொப்பியும் மாஸ்கும் பூதக்கண்ணாடியும்தானே. சரியென்று அதையெல்லாம் மாட்டிக்கொண்டு காட்டினாள். 'முகம் தெரியவில்லை.'

"எனக்கே சில நாள் தெரியறதில்ல. மிஷினைச் சொல்லி என்ன பண்றது?" என்றான் புருஷன். அன்றைக்கு அவனுக்குச் சோறு நேரங்கழித்துத்தான் கிடைத்தது.

மிச்சமிருந்தது ஒரே வழி. நண்பர்களில் நான்கு பேரைக் கம்பெனியே பொறுக்கிக் கொடுத்தது. அதில் ஒருவர், 'இந்தப் பக்கம் இவருடையதுதான், எனக்குத் தெரியும்' என்று உறுதி சொன்னால் போதும். சொன்னவரின் நிஜப் பெயர் பக்கத்தின் உச்சியில் எல்லோருக்கும் தெரியும்படி நிற்கும்.

முதல் பெயர் பல் டாக்டர். "நல்ல விஷயம்தாம்மா, செய்யணும்தான். ஆனா என் பேர் வேண்டாமே. வாயில கை வைக்கிறவன் தலையில பேனுன்னா எவன் வாயைத் திறப்பான்?" என்றார்.

இரண்டாவது, சொந்த நாத்தனார். "அண்ணி, எங்க வீட்ல உங்களை ஆஸ்பத்திரி நர்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். என் குடும்பத்துல ஏன் அண்ணி பேன் விடறீங்க?" என்றாள். அவள் மூன்று பிள்ளைகளின் தலையையும் ஓசியில் வாரி அனுப்பிய கை இவளுடையது.

மூன்றாவது, பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. அவர் பள்ளியில் காலைக் கூட்டத்தில், 'பேன் என்பது சோம்பேறிகள் வளர்க்கும் பிராணி' என்று பேசுகிறவர். பேசிவிட்டு, இருட்டியதும் இவள் வீட்டுப் பின்வாசலுக்கு வருகிறவர்.

"உன்னைத் தெரியும்னு நான் சொன்னா, எப்படித் தெரியும்னு கேட்க மாட்டாங்களா?"

"பக்கத்து வீடுன்னு சொல்லுங்க, மேடம்."

"பொய் சொல்றது எனக்குப் பழக்கம் இல்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நான்காவது பெயர் 'வெள்ளிக்கொலுசு'. அது யாரென்றே இவளுக்குத் தெரியவில்லை. செய்தி அனுப்பலாமென்றால் பக்கம்தான் பூட்டிக் கிடக்கிறதே.

இதற்குள் ஊருக்கு ஒரு விளையாட்டுக் கிடைத்துவிட்டது: இது யார் தலை? வேலைக்குப் போகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஒரு படத்தில் உச்சியில் ரெட்டைச் சுழி. தலைக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துப் பச்சை டைல்ஸ். அவ்வளவுதான், தீர்ப்புக் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பேன் என்றால் துடைப்பம் பிடிக்கிறவள் தலையாகத்தானே இருக்க வேண்டும்? ஆயாவைப் பிடித்துக்கொண்டார்கள். பெற்றோர்கள் வாசலில் கூடிக் கத்தினார்கள். ஆயாவை வேலையை விட்டு நிறுத்தி உத்தரவு போட்டது யார் தெரியுமா? அந்த ரெட்டைச் சுழிக்குச் சொந்தக்காரரேதான். பொய் சொல்லிப் பழக்கமில்லாத தலைமையாசிரியை. தன் பேனை அடுத்தவள் தலையில் ஏற்றிவிட்டு, உத்தரவின் கீழே பச்சை மையில் கையெழுத்தும் போட்டார். தூ!

மறுநாளே ஆயா பேன்காரியின் வாசலில் வந்து நின்றாள்.

"அது யார் தலைன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்க்கா."

"என் சோத்துல மண்ணு விழுந்திருக்கு. நீ பெரிய ரகசியம் காக்கிறியோ?"

"ஒரு தலையைச் சொன்னா, நாளைக்கு எந்தத் தலைக்கா என்கிட்ட வரும்? அந்தப் படத்தை எடுத்துடணும்னுதான் நானும் நாயா அலையறேன். என்னைத் தெரியும்னு சொல்ல ஊர்ல ஒரு ஆள் இல்ல. கேட்ட ஆளுக்கெல்லாம் என்னைத் தெரியாதாம். எவளோ வெள்ளிக்கொலுசாம், அவளை எங்க போய்த் தேடுவேன்?"

 ஆயா சேலையை லேசாகத் தூக்கிக் காலைக் காட்டினாள். தேய்ந்த கொலுசு ஒன்று கிடந்தது.

"நான்தான் அது. உன் வீடியோ ஒண்ணு விடாமப் பாப்பேன். சினிமாவை விட நல்லா இருக்கும்."

"நீயா! உனக்குத்தான் பேனே இல்லியே, அப்புறம் ஏன் பாக்கறே?"

"அடுத்தவங்க தலையில ஊர்றதைப் பாத்தா ஒரு நிம்மதி" என்றாள் ஆயா. "என் போன்ல எங்க தொடணும்னு காட்டு. எப்படியும் இது என் தலைதான்னு ஊரே சொல்லுது. உன்னைத் தெரியும்னு சொன்னா இனிமே என்ன கெட்டுப் போகுது?"

உறுதி சொன்னாள். பூட்டுத் திறந்தது. ஊரில் மானம் உள்ளவர்கள் என்று பேரெடுத்த யாராலும் முடியாததை, மானம் போய்விட்டதாக ஊர் சொன்னவள் ஒரு விரலால் செய்து முடித்தாள்.

பேன்காரி தைலப் படங்களையெல்லாம் அழித்தாள். ரகசியமாக வந்திருந்த தலைகளையும் ஒன்று விடாமல் அழித்தாள். "இனிமே யாரும் படம் அனுப்ப வேணாம், நேர்ல வாங்க" என்று எழுதிப்போட்டாள். ஆயா எழுந்திருக்கவில்லை.

"படம் போச்சு. என் பேரு?"

பேன்காரி யோசித்தாள். வாசல் கதவை விரியத் திறந்தாள். சாய்வு நாற்காலியைப் புருஷனும் அவளுமாக இழுத்துத் தெருவோரம் போட்டு, பட்டப்பகலில் ஆயாவை அதில் உட்கார வைத்தாள். போனை எதிரே நிறுத்திவைத்து நேரலையைத் தொடங்கினாள். வகிடு வகிடாகப் பிரித்து வாரி, சீப்பை ஒவ்வொரு தடவையும் வெள்ளைத் துண்டில் தட்டிக் காட்டினாள். ஒரு ஈர் இல்லை. உச்சிக்கு வந்ததும் கையை நிறுத்தி, போனைக் கிட்டக் கொண்டுவந்து, "பாத்துக்குங்க, ஒத்தைச் சுழி" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அவள் போட்ட வீடியோக்களிலேயே சுவாரசியம் இல்லாத வீடியோ அது. பேனே இல்லை. ஆனால் ஊர் முழுக்க அதைத்தான் பார்த்தது. பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் வேறு யார் யாருக்குச் சுழி எத்தனை என்று எண்ணக் கிளம்பியது.

"தொழில் தர்மத்தை விட்டுட்டியே" என்றான் புருஷன்.

"யார் தலைன்னு நான் சொன்னேனா? யார் தலை இல்லைன்னுதானே காட்டினேன்?"

மறுவாரம் தலைமையாசிரியையிடமிருந்து செய்தி வந்தது. 'ஆயாவைத் திரும்ப வேலைக்குச் சேர்த்தாகிவிட்டது. பழசை மறந்துவிடு. மறுபடியும் அரிக்கிறது. வியாழக்கிழமை இருட்டியதும் வரலாமா?' மன்னிப்பு என்ற சொல் மருந்துக்கும் இல்லை.

பேன்காரி எத்தனையோ தலைகளைப் பார்த்தவள். சீழ் பிடித்த தலை, பொருக்குத் தட்டிய தலை, ஜவ்வரிசி கொட்டின மாதிரி ஈர் அப்பிய தலை. பார்த்துவிட்டுக் கையைக் கழுவி நிம்மதியாகச் சாப்பிட உட்காருவாள். இந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் முதல்முறையாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, 'இடம் இல்லை' என்று பதில் அனுப்பினாள்.

ஆயாவுக்குப் பழைய வேலைக்கே போக வேண்டியிருந்தது. வாடகைக்கு ரோஷம் தெரியாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பேன்காரியோடு உட்கார்ந்து டீ குடிக்கிறாள்.

"எப்படி இருக்காங்க உங்க மேடம்?"

"எப்பவும் கொண்டைதான். உச்சியை மறைச்சு, பூசணிக்காய் மாதிரி. உள்ள பென்சிலை விட்டுச் சொறியறாங்க, நாள் பூரா" என்றாள் ஆயா. "மேசையைத் துடைப்பேன். அந்தப் பென்சிலை மட்டும் தொட மாட்டேன்."