டீச்சருக்குக் கோதுமை ஆகாது

நான் இளைக்க ஆரம்பித்தபோது முதலில் சந்தோஷப்பட்டது நான்தான். ஐம்பதை எட்டிப் பிடிக்கும் வயதில், நடக்காமல், ஓடாமல், பட்டினி கிடக்காமல் உடம்பு தானாக இறங்கினால் யாருக்குக் கசக்கும்? ஸ்டாஃப் ரூமில் என்னைச் சுற்றி உட்கார்ந்து ரகசியம் கேட்டார்கள். நான் ஒன்றுமே செய்யவில்லை என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. வேண்டுமென்றே மறைக்கிறேன் என்று கணக்கு டீச்சர் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தப் பெருமை அதிக நாள் நிற்கவில்லை. ரவிக்கைகள் தொளதொளத்தன. பாத்திரம் கழுவும்போது கல்யாண மோதிரம் வழுக்கிக்கொண்டு போய்த் தொட்டிக்குள் விழுந்தது. அதில் வெள்ளை நூலைச் சுற்றி மாட்டிக்கொண்டேன். சாப்பிட்டால் வயிறு பானை மாதிரி உப்பியது, அல்லது ஓட்டமாக ஓட வைத்தது. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே சாக்பீஸை மேசையில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். ஊரார் விசாரிக்கும் தொனியும் மாறியது. "சுகரா டீச்சர்?" "தைராய்டு பாத்தீங்களா?" என்றார்கள். என்னிடம் கேட்கத் தயங்கியவர்கள் என் கணவரின் கடைக்கே போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். அவர் பழனி ரோட்டில் மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். கிளட்ச் வயர் வாங்க வந்தவர்களெல்லாம் என் உடம்பைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் மதுரைக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், தொண்டை வழியாகக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். வயிற்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். என் குடலுக்குக் கோதுமை ஆகவில்லை. அதிலுள்ள ஒரு புரதம் பட்டாலே குடலின் உட்சுவர் புண்ணாகிவிடுகிறது, அதனால் சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டுவதில்லை. மாத்திரை கிடையாது. கோதுமையை விட்டால் குடல் தானாக ஆறும்.

"எந்த ரூபத்துலயும் கூடாதும்மா. துளிகூட" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் கணவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மூணு வேளையும் அரிசியத் திங்கிற ஊருல இருந்துக்கிட்டு, இதுக்கா இம்புட்டுப் பயந்தோம்?" என்றார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

கோதுமை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. பரோட்டா, பூரி, பன், பிஸ்கட், ரவை, சேமியா எல்லாம் போயிற்று. திண்டுக்கல்லில் சாயங்காலம் ஆனால் தெருவுக்குத் தெரு பரோட்டாவைக் கொத்தும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே தலையைக் குனிந்து வீட்டுக்கு நடந்தேன். ஓட்டலில் தோசை கேட்டால் பரோட்டா போட்ட கல்லிலேயே ஊற்றினார்கள், அதனால் ஓட்டலும் போயிற்று. என் கணவர் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு அடுக்களையில் இருந்த ஒவ்வொரு பாக்கெட்டையும் படித்தார். வண்டியில் கோளாறு தெரியாவிட்டால் ஒவ்வொரு பார்ட்டாகக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அப்படிக் கழற்றியதில் பெருங்காய டப்பாவும் மாட்டியது. அதிலும் கோதுமை மாவு சேர்க்கிறார்களாம். பெருங்காயம் இல்லாத ரசத்தைக் குடித்துவிட்டு அவர் ஒரு மாதம் வாயுவில் அவதிப்பட்டார். ஆனாலும் முறையிடவில்லை.

எனக்காகத் தானும் பரோட்டாவை விட்டுவிட்டதாக அறிவித்திருந்தார். ஒருநாள் ராத்திரி சட்டையில் சால்னா வாசனையோடு வந்து நின்றார். என்ன இது என்றேன்.

"பக்கத்துக் கடைக்காரர் சாப்ட்டாரு. நான் சும்மா பக்கத்துல நின்னேன்" என்றார்.

இவ்வளவு செய்தும் உடம்பு தேறவில்லை. கொஞ்சம் பரவாயில்லாமல் இருக்கும், பிறகு பழையபடி வயிறு உப்பும். மதுரை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, எங்கேயோ கோதுமை உள்ளே போகிறது என்றார். நான் வாயில் வைக்கும் ஒவ்வொன்றையும் ஒப்பித்தேன். பல் விளக்கும் பேஸ்ட்டைக்கூட விடவில்லை. வீட்டுக்கு வந்து என் கணவர்மேல் பாய்ந்தேன். அவருடைய சப்பாத்திக் கரண்டியை என் குழம்பில் போட்டிருப்பார் என்பது என் வாதம். அந்த மனுஷன் சப்பாத்திக் கல்லையும் கட்டையையும் தூக்கிப் பரணில் போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடக் குழாயடியில் வழுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டேன். கட்டுப் போட்டு மூன்று வாரம் வீட்டோடு இருக்கச் சொன்னார்கள். படுத்துக் கிடந்த நாட்களில் ஓர் அதிசயம் நடந்தது. பசித்தது. சாப்பிட்டது வயிற்றில் நின்றது. முகத்தில் தெளிவு வந்துவிட்டது என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். நான் ஆரோக்கிய மாதாவிடம் வேண்டியிருந்தேன், மாதா கைவிடவில்லை என்று உறுதியாக நம்பினேன். கால் ஆறியதும் நன்றி சொல்ல ஒருநாள் விடாமல் காலைப் பூசைக்குப் போவதாக நேர்ந்துகொண்டேன்.

அப்படியே போனேன். விடிந்தும் விடியாமலும் பூசை, பிறகு பள்ளிக்கூடம். பத்து நாள்கூட ஆகவில்லை, பழையபடி வயிறு உப்பிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் வரும் என் கணவர் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "கோயிலுக்குப் போனா ஒனக்கு ஒத்துக்கல போல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாள் முழுக்க அவரிடம் பேசவில்லை. ராத்திரி தோசையைத் தட்டில் டொம்மென்று போட்டேன். அவர் அதை விட்டபாடில்லை.

"கோவிச்சுக்காம கேளும்மா. வீட்ல எல்லாத்தையும் கழட்டிப் பாத்தாச்சு. காலு சுளுக்குனப்ப நீ போகாத எடம் ரெண்டுதான். ஸ்கூலு, கோயிலு. ஸ்கூல்ல நம்ம வீட்டு டப்பாச் சோத்தத்தான் திங்கிற. கோயில்ல என்ன திங்கிற?"

"கோயில்ல யாராச்சும் திம்பாங்களா?" என்று சீறினேன். சீறிய வாய் மூடவில்லை. கல்லில் இருந்த தோசை கருகியது.

பூசையில் குருவானவர் எங்கள் நாக்கில் ஒரு சின்ன வெள்ளை அப்பம் வைப்பார். காசு அளவுதான் இருக்கும், காகிதம் போல மெலிசு. நற்கருணை என்போம். அவர் பீடத்தில் மன்றாடியபின் எங்களுக்கு அது அப்பம் அல்ல, ஆண்டவருடைய உடல். அது எதில் செய்யப்படுகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கன்னியர் மடத்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள் நான். சிஸ்டர்கள் கோதுமை மாவைக் கரைத்து, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஊற்றிச் சுட்டு, வட்டமாக வெட்டுவார்கள். வெட்டியதுபோக மிஞ்சிய ஓரங்களைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி எங்களுக்குத் தருவார்கள். அதற்கு நாங்கள் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. ஆனாலும் டாக்டர் கேட்டபோது பற்பசை வரைக்கும் ஞாபகம் வந்த எனக்கு இது வரவில்லை. நான் மறைக்கவில்லை. அது சாப்பாடு என்று என் மனசில் எந்த மூலையிலும் பதிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

காரணம் கிடைத்ததில் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. எட்டு வயசில் வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியவள். பிள்ளை பெற்ற நாட்களையும் கால் சுளுக்கிய மூன்று வாரத்தையும் தவிர நற்கருணை வாங்காத ஞாயிறு எனக்கு இருந்ததில்லை. இனி எல்லாரும் வரிசையில் போக, நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டுமா? அதற்கு இப்படியே இளைத்துக்கொண்டே போகலாம் என்று அழுதேன், நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். என் கணவர் அதிகம் கோபப்படாதவர். அன்றைக்குக் கோபப்பட்டார்.

"நீ எலும்பாப் போறதுக்கா ஆண்டவர் அப்பமா வந்தாரு?" என்றார்.

மறுநாள் இருவரும் எங்கள் கோயிலின் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனோம். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், வயதில் சின்னவர், யாரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். நான் வழியிலேயே ஒரு யோசனை தயார் பண்ணி வைத்திருந்தேன்.

"ஃபாதர், எனக்கு மட்டும் அரிசி மாவுல ஒரு அப்பம் சுட்டா ஆகாதா?"

"ஆகாதுங்க டீச்சர். கோதுமைலதான் செய்யோணும்னு சட்டமுங்க. அரிசில சுட்டா அது பணியாரமாத்தான் இருக்கும்" என்றார்.

"ஆனா ஃபாதர், பூசையிலதான் அது கோதுமையா இல்லாம மாறிருதே. அப்புறம் அது எப்படி என் கொடலப் புண்ணாக்கும்?" இதைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் அழுகையாகவும் கொஞ்சம் சண்டையாகவும் வந்தது.

அவர் சிரிக்காமல் யோசித்தார். "மாறுதுங்க, நெசமாவே மாறுது. ஆனா வெளியில கோதுமையோட கொணம் அப்படியேதான் இருக்குதுங்க. உங்க கொடலு மறைக்கல்வி படிக்கலீங்களே" என்றார். என் கணவர் வெளியே பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

அதற்கு வழி இருந்தது. அப்பத்துக்குப் பதில் திராட்சை ரசத்தை மட்டும் வாங்கினாலும் அது முழு நற்கருணைதான், ஒரு துளியிலும் ஆண்டவர் முழுசாக இருக்கிறார் என்றார். சாமியாருடைய பெரிய கிண்ணத்தில் அப்பத்தின் துண்டு ஒன்றைப் போடுவார்கள், அதனால் எனக்குத் தனியாக ஒரு சின்னக் கிண்ணம் வேண்டும். ஆயர் இல்லத்தில் கேட்டுவிட்டு அடுத்த வாரமே ஏற்பாடு செய்தார். எனக்கு உயிர் வந்தது.

எங்கள் கோயிலில் சாமியாரைத் தவிர யாரும் ரசம் குடிப்பதில்லை. முதல் நாள் நான் கிண்ணத்தை வாயில் வைத்ததும் மொத்தக் கோயிலின் கண்ணும் என் முதுகில் இருந்தது. பூசை முடிந்து வாசலுக்கு வந்தால் டிரைவர் வீட்டம்மா மறித்துக்கொண்டு நின்றார். எங்கள் தெருதான். கணவர் வேடசந்தூர் மில்லுக்குப் பஸ் ஓட்டுகிறார். இருட்டிலேயே அவரை அனுப்பிவிட்டுப் பூசைக்கு வந்து எனக்குப் பின்பெஞ்சில் உட்காருவார். தெருவில் எந்தச் செய்தியும் அவரைத் தாண்டிப் போனதில்லை.

"என்ன டீச்சர், ஒங்களுக்கு மட்டும் ரசம்?"

"கொடலப் புண்ணாக்கிட்டு வாங்கக்கா, ஒங்களுக்கும் குடுப்பாங்க" என்றேன். என் வாய் அப்படி. பிறகு மனசு கேட்காமல் விவரம் சொன்னேன். அவர் விடவில்லை.

"அப்ப பரோட்டா?"

"ஆகாது."

"பன்னு? ரவா உப்புமா?"

"ஆகாதுக்கா."

"கேக்குமா?"

கேக்கும் ஆகாது என்றதும் அவர் முகம் நிஜமாகவே வாடிவிட்டது. அந்த வாரம் முடிவதற்குள் என் குடல் சங்கதி பங்கு மக்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பேர் தெரியாதவர்கள்கூட "இப்ப எப்டி இருக்கு டீச்சர், ஒழுங்காப் போகுதா?" என்று விசாரித்தார்கள். கோயிலுக்குள் போகும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கும். என் வரிசை வரும்போது எல்லாரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றும், எரிச்சலாக வரும்.

உடம்பு மட்டும் தேறியது. கிறிஸ்துமசுக்குத் தெருவிலிருந்து வந்த தட்டுகளில் ஒன்றில்கூடக் கேக் இல்லை. அதிரசமும் முறுக்குமாக வந்து குவிந்தது. டிரைவர் வீட்டம்மா தானே தட்டைக் கொண்டுவந்து, "பெருங்காயம் போடல, எண்ணெயும் புதுசு" என்று வாசலிலிருந்தே சத்தமாகச் சொன்னார். மோதிரத்தின் நூலை அந்த விடுமுறையில்தான் பிரித்து எறிந்தேன். கணக்கு டீச்சர் மறுபடி என்னோடு பேசத் தொடங்கினார், பழையபடி குண்டாகிவிட்டேன் என்ற திருப்தி அவருக்கு.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. எங்கள் சாமியார் தியானத்துக்குப் போய்விட்டார், அவருக்குப் பதில் வெளியூரிலிருந்து வயதான குரு ஒருவர் வந்திருந்தார். பூசைச் சாமான்களைக் கவனிக்கும் கோயில்பிள்ளை வழக்கம்போல என் கிண்ணத்தைப் பீடத்தில் வைத்து மூடியிருந்தார், ஆனால் பெரியவரிடம் சொல்ல மறந்துவிட்டார் போல. என் முறை வந்தது. அவர் அப்பத்தைத் தூக்கிப் பிடித்து, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார்.

நான் நின்றேன். கிண்ணம் இருந்த பக்கம் பார்த்தேன், அவர் கவனிக்கவில்லை. பின்னால் நீளமான வரிசை. பெரியவரின் கை என் முகத்துக்கு நேரே இருக்கிறது. ஆண்டவரை நீட்டுகிறவரிடம் வேண்டாம் என்று எப்படித் தலையாட்டுவது? ஒரே ஒருநாள்தானே, வந்தால் வரட்டும் என்று தோன்றியது. இத்தனை வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்துவிட்டது.

"சாமி, டீச்சருக்குக் கோதுமை ஆகாது" என்றது என் பிடரிக்குப் பின்னால் ஒரு குரல். "அந்தா மூடி வச்சிருக்கு பாருங்க, அந்தக் கிண்ணம்."

பக்கத்து வரிசையிலிருந்த ஆண்களில் ஒருவரும், "ஆமா ஃபாதர், அவுகளுக்கு ரசம் மட்டுந்தான்" என்றார். பாடற்குழுவிலிருந்து யாரோ பாட்டை நிறுத்திவிட்டு, "சின்னக் கிண்ணம், சின்னக் கிண்ணம்" என்றார்கள். பெரியவர் திகைத்துப்போய் அப்பத்தைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, மெதுவாக நடந்து போய் என் கிண்ணத்தை எடுத்து வந்தார். நான் குடித்தேன். கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை.

பெஞ்சுக்கு வந்து முழந்தாளிட்டேன். பின்பெஞ்சில் டிரைவர் வீட்டம்மா முழந்தாளிடும் சத்தம் கேட்டது. ஜெபம் சொல்வார் என்று பார்த்தால், என் தோளுக்கு மேலே தலையை நீட்டிக் கிசுகிசுத்தார்.

"வாயத் தொறந்துட்டீங்களே டீச்சர். நான் வாரா வாரம் ஒங்க வாயத்தான பாத்துக்கிட்டு நிக்கிறேன்."