அமெரிக்கா, ரஷ்யா, எங்கள் வீட்டுத் தொட்டில்

கல்யாணமாகி மூன்று வருடமாகியும் எனக்குப் பிள்ளை இல்லாததற்குக் காரணம் அமெரிக்காவும் ரஷ்யாவும். இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

எண்பதுகளின் நடுவில் பாப்பாரப்பட்டியில் குடியிருந்தோம். தருமபுரியிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் பேப்பர் வந்து இறங்கும். நான் அடுப்படியில் சட்னி அரைத்துக்கொண்டிருக்க, என் கணவர் வாசற்படியில் உட்கார்ந்து தலைப்புச் செய்திகளைச் சத்தமாக வாசிப்பார். பாக்தாத்தில் குண்டு, பெய்ரூட்டில் குண்டு, எத்தியோப்பியாவில் பட்டினி. எல்லாவற்றுக்கும் மேலே அந்த இரண்டு பெரிய நாடுகளும் அடுக்கி வைத்திருக்கும் அணுகுண்டுகள். வாசித்து முடித்துப் பேப்பரை மடித்துவிட்டு, இந்த உலகத்திலா ஒரு குழந்தையைப் பெற்றுப் போடுவது, கொஞ்சம் சரியாகட்டும் என்பார். மூன்று வருடமாக அது சரியாகவே இல்லை.

ஊர் சும்மா இருக்குமா? விசேஷம் உண்டா என்று குழாயடியில் கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். அதுதான் அதிகம் வலித்தது. மாமியார் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மரத்தில் குட்டித் தொட்டில் கட்ட வைத்தார். தடை அவர் மகன்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவர் மேல் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் ரோட்டில் ஒரு நாய் அடிபட்டால்கூட அன்றைக்குச் சோறு இறங்காத மனுஷனை எப்படி வெறுப்பது?

ஒரு புரட்டாசியில் மெக்சிகோவில் பூகம்பம். போச்சு, இன்னும் மூன்று வருடம் என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் பார்த்தால், கையில் ஒரு மாங்கன்றோடு வந்து நிற்கிறார். மழை பெய்து மண் இளகியிருந்தது. கொல்லையில் குழி தோண்டி, எரு போட்டு நட்டு, ஆடு கடிக்காமல் சுற்றிலும் முள் கட்டினார். எப்போது காய்க்கும் என்று கேட்டேன். நாலைந்து வருடம் ஆகும் என்றார், அவ்வளவு ஆசையாக.

"அதுவரைக்கும் ஒலகம் இருக்குமாங்க?"

மண் ஒட்டிய கையோடு என்னையே பார்த்தார். அப்படியே கை கழுவப் போய்விட்டார்.

அதற்கப்புறம் வாசற்படியில் சத்தம் இல்லை. பேப்பரை மனசுக்குள்ளேயே வாசித்தார், உள்பக்கம் வரைக்கும் ஒன்று விடாமல். ஒரு வாரம் போயிருக்கும். காலையில் பேப்பரோடு நேராக அடுப்படிக்கே வந்தார். ஒரு மூலையில் நாலே வரி. மெக்சிகோவில் இடிந்துபோன ஆஸ்பத்திரிக்கு அடியிலிருந்து, பிறந்து சில நாளே ஆன குழந்தையை உயிரோடு எடுத்திருக்கிறார்கள். எனக்கு வாசித்துக் காட்டினார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

"அன்னிக்குக் கேட்டியே. இருக்கும் போலத்தான் தெரியுது."

நான் குழவியை விட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மிளகாய் நெடி என்று சொல்லிவைத்தேன்.

அடுத்த வருடம் மகள் பிறந்தாள். மாமரத்தைவிட ஒரு வயது சின்னவள். மரம் முதலில் காய்த்தபோது தேறியது மூன்றே பழம். ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவர் வாசற்படியில் பேப்பரை விரித்தார். அன்றைக்கும் எங்கேயோ குண்டு. முழங்கை வரைக்கும் சாறு வழிய ஓடிவந்த மகள், அந்தத் தலைப்புச் செய்தியின் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவர் அவளை எழுப்பவில்லை.