கதவைத் தாங்க எத்தனை கிலோ?

மேல்வீட்டில் ஓர் உடம்பு சுவரில் மோதும் சத்தம் கேட்டால், உங்கள் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பீர்களா, கூட்டுவீர்களா? உடனே பதில் வேண்டாம். பாக்கெட்டக்காவின் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அவள் வேலை பார்த்த ஆடைத் தொழிற்சாலையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காலர் தைப்பவள் காலரக்கா, பொத்தான் வைப்பவன் பொத்தான். பதினோரு வருடமாகச் சட்டைப் பையை மட்டும் தைத்தவள் பாக்கெட்டக்கா. வேன் ஓட்டும் கணவன், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள், இரண்டாவது மாடியில் ஓர் அறை, சமையலறை, குளியலறை. கணவன் கைநீட்டுகிறவன். உப்பு கூடினால் அடி, குறைந்தால் அடி, சரியாக இருந்தால் எவனுக்காக இவ்வளவு ருசி என்று அடி. மாமியார் அதற்குத் தலைவிதி என்று பெயர் வைத்திருந்தாள். அந்த விதி வாரத்தில் ஆறு நாள் ஒழுங்காக வேன் ஓட்டியது, முதலாளி திட்டினால் தலைகுனிந்து நின்றது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் ருத்ர தாண்டவம் ஆடியது. விதிக்கு யாரிடம் அடங்க வேண்டும் என்று நன்றாகவே தெரிந்திருந்தது.

அடி தொடங்கினால் அவள் மகளை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் புகுவாள். தாழ்ப்பாள் எப்போதோ பிய்ந்துவிட்டது. கதவை முதுகால் தாங்கிக்கொள்வாள். இருபது எண்ணும்வரை தாங்கும், பிறகு திறந்துவிடும். ஒரு நாள் அப்படித் திறந்த கதவில் மகளின் சுண்டுவிரல் நசுங்கியது. மறுநாள் காலை ஐந்தரைக்கு, ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் கடைக்கு மேலிருந்த ஜிம்முக்குப் படியேறினாள்.

வட்டாரத்திலேயே மலிவான ஜிம் அதுதான். துருப்பிடித்த இரும்புத் தட்டுகள், கிழிந்த ரெக்சினில் டேப் ஒட்டிய பெஞ்சு, ஓடாத டிரெட்மில்லின் கைப்பிடியில் யாரோ காயப்போட்ட துண்டு. பெண்கள் நேரத்துக்குப் பொறுப்பானவள் கழுத்தே இல்லாத, குள்ளமான ஒரு கோச்.

"எடை குறைக்கணுமாக்கா?"

"ஒரு கதவப் பிடிச்சு நிக்கணும்மா. அந்தப் பக்கமிருந்து ஒரு ஆள் தள்ளுவான். அதுக்கு எதத் தூக்கணும்?"

கோச் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஆள் எத்தன கிலோ?"

"எம்பது இருப்பான்."

"செருப்பக் கழட்டிட்டு வாங்க. உடம்பெல்லாம் நூலா இருக்கே, தையலா? நாள் பூரா மெஷின் மிதிச்ச காலு. சொன்னா கேக்கும்."

முதல் வாரத்திலேயே ஒரு விபரீதம். தைக்கும் கை அவளுடையது. இடப்பக்கத்தை மொத்தமாக முடித்துவிட்டுத்தான் வலப்பக்கம் தொடும். தாங்கியில் இருந்த, இரண்டு முனையிலும் தட்டு மாட்டிய கம்பியிலும் அதே வழக்கத்தில் இடப்பக்கத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கினாள். வலப்பக்கம் கனத்தது. கம்பி எகிறிச் சுழன்று கண்ணாடியை நொறுக்கியது. மற்ற பெண்கள் பின்னால் துள்ளினார்கள். அவள் மட்டும் அங்கேயே குந்தி, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, "தெரியாம செஞ்சுட்டேன், தெரியாம செஞ்சுட்டேன்" என்றாள். சிரிக்க வாயெடுத்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

கோச் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "நான் சேந்த புதுசுல ஜன்னலையே உடைச்சேன். எந்திரிங்கக்கா. ஏன் கவுந்துச்சுன்னு பாத்தீங்கல்ல? நெஞ்சுமேல கம்பி மாட்டிக்கிட்டாலும் அதேதான். நேரா மேல தள்ளாதீங்க, முடியாது. ஒரு பக்கமா சாய்ங்க, தானா விழும்."

இரும்புக்கு விதி தெரியாது. மந்திரியின் மனைவி தூக்கினாலும் இருபது கிலோ இருபது கிலோதான். நான்கு மாதத்தில் பாக்கெட்டக்கா தன் எடைக்குச் சமமான இரும்பைத் தோளில் வைத்துக் குந்தி எழுந்தாள்.

ஒரு ஞாயிறு மதியம், அவள் பையில் ஜிம் அட்டையைக் கணவன் பார்த்துவிட்டான்.

"ஓவர்டைமா? எவன்கிட்ட காட்டப் போற இந்த உடம்ப?"

பெல்ட்டின் பித்தளைப் பூட்டு அவள் புருவத்தைக் கிழித்தது. மகளோடு குளியலறைக்குள் புகுந்து கதவைத் தாங்கினாள். இருபது. நாற்பது. நூறு. அவள் அசையவில்லை. கீல்தான் பிய்ந்தது. கதவு அவளைத் தரையில் சாய்க்க, அவன் அவள் மார்பில் ஏறி உட்கார்ந்து கழுத்தில் இரண்டு கட்டைவிரலையும் அழுத்தினான். நேராகத் தள்ளினாள், முடியவில்லை. கண் இருண்டது. ஒரு காலை ஊன்றி இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். எண்பது கிலோவும் சரிந்து, அவன் நெற்றி குழாயில் மோதிப் பிளந்தது.

மகளை இழுத்துக்கொண்டு முதல் மாடிக்கு ஓடினாள். அங்கே ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், கட்டடமே மதிக்கும் மனிதர். கதவை இரண்டு கைகளாலும் அடித்தாள். உள்ளே செய்தி வாசிக்கும் குரல் உயர்ந்தது. அதற்கும் மேலே இன்னொரு குரல்: "குடும்ப விஷயம்மா, நான் எப்படித் தலையிடறது?"

கணவன், வீட்டில் வைத்திருந்த வேனின் வீல் ஸ்பானரோடு இறங்கி வந்தான். முதல் அடிக்கு அவள் தூக்கிய முன்கை, காய்ந்த சுள்ளியைப்போல முறிந்தது. அவள் குந்தினாள். இரண்டாவது அடிக்கு அவன் கையை ஓங்கியபோது, நான்கு மாதமாக ஜிம்மில் குந்தி எழுந்ததுபோலவே எழுந்தாள். தோள் அவன் வயிற்றில் ஏறியது. அவன் படிகளில் உருண்டான். அவனைத் தாண்டி, மறு கையால் மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஜிம்முக்குப் பின்னால் இருந்த கோச்சின் வீட்டுக்கு ஓடினாள்.

காவல் நிலையத்தில் எழுத்தர் பேனாவை எடுக்கவில்லை. "புருஷன் பொண்டாட்டி சண்ட. பேசித் தீத்துக்கலாமே."

"கழுத்துல ரெண்டு கட்டவிரல் பதிஞ்சிருக்கு சார்," என்றாள் கோச். "அதுங்ககிட்ட பேசிப் பாருங்க."

எழுதினார்கள். கணவன் உள்ளே இருக்கிறான். அவள் கையில் தகடும் ஆறு திருகாணிகளும். இனிப் பை தைக்க முடியாது. நூல் வெட்டும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். வழக்கில் சாட்சி வேண்டும். தொலைக்காட்சி ஓடியதால் எதுவும் கேட்கவில்லை என்று முதல் மாடி அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டார்.

உடம்பை வளர்த்துத் தப்பித்தாள் என்று கைதட்டாதீர்கள். உயிரோடிருக்க ஒருத்தி தன் எடையைத் தூக்கிப் பழக வேண்டுமென்றால், அந்தக் கட்டடத்தில் மற்றவர்கள் எதற்குக் குடியிருக்கிறார்கள்? அவள் கையை முறித்தது ஸ்பானர். ஸ்பானர் வந்து சேரும்வரை அவளை அங்கே நிறுத்திவைத்தது, திறக்காத ஒரு கதவு.

இப்போது பதில் சொல்லுங்கள். வாயால் வேண்டாம். அடுத்த முறை மேலே அந்தச் சத்தம் கேட்கும்போது தொலைக்காட்சியை அணையுங்கள். பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு படியேறிப் போய், அந்தக் கதவைத் தட்டுங்கள்.