ஐந்தால் வகுத்தோம்

அன்று மதிலின் மேல் இருந்தது நான்கு பேர்: நான், லேத் பட்டறைக்காரரின் பையன்கள் இருவர், என் நண்பனின் தங்கை. இல்லாதவன் என் நண்பன். மழைக்காலத்து டெங்குவில் அவன் போய் இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவன் உட்காரும் இடத்தை விட்டுவிட்டுத்தான் நாங்கள் உட்கார்ந்தோம்.

திருமழிசைத் தொழிற்பேட்டைக்குள் திரும்பும் லாரிகள் அந்த மதிலை ஒட்டித்தான் போகும். எங்கள் லாரி விளையாட்டைக் கண்டுபிடித்தவன் என் நண்பன்தான். ஆளுக்கொரு லாரி. நம்பர் பிளேட்டின் கடைசி நான்கு எண்களைக் கூட்டிச் சொல்ல வேண்டும். அலுத்துப்போனால் விதியை மாற்றுவான். தார்ப்பாய் கட்டியிருந்தால் இரட்டிப்பு, காலி லாரி என்றால் பாதி, வெளியே போகும் லாரிக்குக் கழித்தல். பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் எண்கள் உண்டென்று நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் வீட்டுப்பாடம் பார்த்துச் சொல்ல எழுத்துத் தெரிந்தவர் யாருமில்லை. ஒரு விதியை மட்டும் அவன் மாற்றவே இல்லை: லாரி யாருடையதோ அவர் வாயால் சொன்னால்தான் கணக்கு.

அவன் போன பிறகு, அவனுக்குரிய ஐந்தாவது லாரியை நாங்கள் வாய்விட்டுப் படிக்கவில்லை. அது கடந்துபோகும்வரை சும்மா இருப்போம். மற்றவர்கள் எப்படியோ, நான் மனசுக்குள் கூட்டுவேன். பக்கத்தில் யாரோ சேர்ந்து முணுமுணுப்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். இப்போதும் பூந்தமல்லி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண் தானாக லாரிகளை எண்ணுகிறது. ஐந்தாவது வந்ததும் உதடு ஒட்டிக்கொள்கிறது.

புதிதாகக் குடிவந்த அடுக்குமாடிப் பிள்ளைகள் ஆறு பேர் அன்று மதிலைக் கேட்டு வந்தார்கள். அந்தச் சாலையில் நிழலிருந்த மதில் அது ஒன்றுதான். ஒரே ஆட்டம், வெறும் கூட்டல், ஜெயித்தவர்களுக்கு மதில் என்று முடிவானது.

"நீங்க ஆறு பேரு, உங்களுக்கு ஜாஸ்தியாத்தான் வரும். உஷாராத்தான் கீறீங்க, மாமே," என்றான் பட்டறைப் பையன்களில் மூத்தவன். "மொத்தத்த தலைக்கு இவ்ளோன்னு பிரி."

ஒப்புக்கொண்டார்கள். பள்ளியில் சராசரி என்ற சொல் எங்கள் காதில் விழப் பின்னும் ஒரு வருஷம் ஆனது.

அவர்களுடைய மொத்தம் நூற்றுப் பதினான்கு. தலைக்குப் பத்தொன்பது. எங்கள் நான்கு லாரிக்கு எண்பத்து நான்கு. அடுத்த லாரி திரும்பியது. நாங்கள் நால்வரும் வாயை மூடிக்கொண்டோம். மனசுக்குள் எனக்கு முப்பத்து நான்கு வந்தது.

அடுக்குமாடிப் பிள்ளைகளில் பெரியவன் நல்ல பையன். அவனே சொன்னான்: "நாலு பேரு. நாலால வகுத்தா இருபத்தொண்ணு. மதில் உங்களுக்குத்தான்."

"அஞ்சு பேரு," என்றாள் நண்பனின் தங்கை.

பட்டறைச் சின்னவன் பதறினான். "ஏய், இன்னா பேசற? செவுரு பூடும்!"

"போவட்டும். எங்கண்ணனும் ஆட்டத்துல கீறான்."

"அப்ப அந்த லாரி உங்க அண்ணனுதா? எவ்வளவு?" என்று கேட்டான் பெரியவன்.

"முப்பத்தி நாலு! நான் பார்த்தேன்," என்று பட்டறை மூத்தவன் கத்தினான்.

"நீ சொன்னா செல்லாது. அவன் வாயால சொல்லல. முட்டை போடு," என்றாள் தங்கை.

"முட்டை போடறதுக்கு நாலு பேருன்னே சொல்லிடலாமே, லூசு!" என்றான் மூத்தவன்.

"நாலு பேருன்னா அவன் ஆட்டத்துலயே இல்லன்னு ஆயிடும்," என்றாள். "முட்டை வாங்கினவன் ஆட்டத்துல கீறவன்தானே?"

அவள் குதித்து இறங்கி, செங்கல் துண்டால் மதிலில் எழுதி வகுத்தாள். பதினாறு அஞ்சு எண்பது. மீதி நாலு. அதற்கு மேல் எப்படிப் போவதென்று அவளுக்குத் தெரியவில்லை. செங்கல் துண்டை என்னிடம் நீட்டினாள். நான் புள்ளி வைத்து எட்டு போட்டேன்.

பதினாறு புள்ளி எட்டு. நாங்கள் இறங்கிக்கொண்டோம். அவர்கள் ஏறினார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது இருபத்தொன்றிலிருந்து அதைக் கழித்துப் பார்த்தேன். அவனை வைத்துக்கொள்ள எங்களுக்கு ஆன செலவு நாலு புள்ளி இரண்டு.