தம்பி உருவிய ஐந்து ஊசிகள்

என் தம்பி சிவனணைந்தபெருமாள் 1951ஆம் வருஷம் ஆவணி மாதம் இலத்தூரில் பிறந்தான். எனக்கு அப்போது ஐந்து வயது. நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அவன் எஸ்.எஸ்.எல்.சி. முதல் தடவையிலேயே தேறினான், கணக்கில் தொண்ணூற்றொன்று. நெல் விதைத்து அறுத்த எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் எதிலும் தொண்ணூற்றொன்று வாங்கியதில்லை. பதினெட்டு வயதில் விமானப்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மதுரைக்குப் போனான். எடுத்துக்கொண்டார்கள்.

1971 சண்டையின்போது பஞ்சாப் பக்கம் ஒரு தளத்தில், போர் விமானங்கள் பதினாறு கொண்ட ஒரு படைப்பிரிவில் இருந்தான். விமானம் ஓட்டும் வேலை இல்லை, தரையில் வேலை. அதை எனக்குக் கடிதத்தில் படம் போட்டு விளக்கியிருந்தான். விமானி உட்காரும் இருக்கைக்கு அடியில் ஒரு தோட்டா இருக்கும். விமானம் அடிபட்டால் விமானி ஒரு பிடியை இழுப்பார். தோட்டா வெடித்து, இருக்கையோடு அவரை வெளியே தூக்கி எறியும், பாராசூட் விரியும். தரையில் நிற்கும்போது அது தவறி வெடித்துவிடக் கூடாது என்று ஐந்து இடங்களில் ஊசி செருகி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா தொங்கும். புறப்படும் முன் அந்த ஐந்தையும் உருவி, விமானி பார்க்கும்படி தூக்கிப் பிடித்து எண்ணிக் காட்ட வேண்டும். விமானி கட்டைவிரலை உயர்த்தினால் சரி. ஒரு ஊசி உள்ளேயே இருந்துவிட்டாலும் இருக்கை எழும்பாது.

சாக்கோ சார் என்று ஒரு விமானி. புனலூர்க்காரர், நமக்கு மலைக்கு அந்தப் பக்கம். அவர் மட்டும் கட்டைவிரல் காட்டமாட்டாராம். தம்பி எண்ண எண்ண, கண்ணாடி மூடியில் மோதிரத்தால் ஐந்து தட்டுத் தட்டுவாராம். 'தென்காசி சாரல் வந்தாச்சா' என்று தம்பியிடம் தமிழில் கேட்பாராம்.

டிசம்பர் 11, சனிக்கிழமை. சாக்கோ சார் விமானம் குண்டடிபட்டுத் திரும்பியது. ஓடுபாதைக்கு முக்கால் மைல் முன்னால் விழுந்து எரிந்தது. இருக்கை எழும்பவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் எரிந்த இருக்கையில் ஒரு ஊசி கருகிக் கிடப்பதைக் கண்டார்கள். அந்த விமானத்தை அனுப்பியவன் என் தம்பி. "ஐந்தையும் எடுத்தது உறுதிதானா?" என்று கேட்டார்கள். அன்று காலை மட்டும் இருபது நிமிஷத்தில் நான்கு விமானம் அனுப்பியிருந்தான். மோதிரம் தட்டிய சத்தம் காதில் இருந்தது; ஆனால் அது அன்றைக்குக் கேட்டதா, முந்தின நாள் கேட்டதா என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாதவன். "நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது" என்றான். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

அவனுக்கு மேலே சார்ஜெண்டாக இருந்தவர் தென்காசிப் பரமேஸ்வரன். கோயில் காரியம் பார்க்கும் பெரிய வீட்டுப் பிள்ளை. அவர்தான் அவனை உட்காரவைத்து, ஒரு ஊசியை எடுக்க மறந்துவிட்டேன் என்று எழுதிய தாளை நீட்டி, "கையெழுத்துப் போடுலே, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். போட்டான். மூன்று மாதம் காவலில் வைத்து, பட்டையைக் கழற்றி, வேலையை விட்டு அனுப்பினார்கள்.

ஊருக்கு வந்தபோது அவனுக்கு வயது இருபது. செய்தி அவனுக்கு முன்பே வந்திருந்தது. ஊசிப்பெருமாள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்தால், "ஏலே ஊசி, என் பெஞ்சுல ஒண்ணும் செருகி வச்சிராதலே" என்பார்கள். பெண் கேட்டுப் போன ஏழு இடங்களில் கொடுக்கவில்லை. முப்பத்து நான்காம் வயதில் கல்யாணம் ஆனது. முத்துலட்சுமி நல்லவள், 2019இல் போய்ச் சேர்ந்தாள். வடகரையில் ஒரு அரிசி ஆலையில் முப்பத்தொரு வருஷம் இயந்திரம் பார்த்தான். அவன் இருந்தவரை அங்கே ஒருவர் விரல்கூட நசுங்கியதில்லை. இதை ஆலைக்காரர்களே சொல்வார்கள்.

அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது. சாக்கோ சார் சாகும்போது அவர் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. அந்தக் குடும்பத்தில் யாரையாவது பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். புனலூர் ஒன்றும் தூரமில்லை. ஆனால் அவனுக்குத் தைரியம் வரவில்லை.

சென்ற ஜூலையில் முகம்மது இஸ்மாயில் போன் செய்தார். அதே பிரிவில் தம்பியோடு ஒரே கூடாரத்தில் இருந்தவர், இப்போது கடையநல்லூரில் இருக்கிறார். பழைய ஆட்கள் வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்து அவனையும் சேர்த்திருப்பதாகவும், 20ஆம் தேதி சனிக்கிழமை குற்றாலத்தில் கூடுவதாகவும் சொன்னார். "சாக்கோ சார் மகளும் வாரா பெருமாளு. சூசன்னு பேரு. நீ கட்டாயம் வரணும்" என்றார். தம்பி நான்கு நாள் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்தான். என் முன்னால் ஒப்பித்தும் காட்டினான். முதல் வரியிலேயே இரண்டு தடவை தடுக்கியது. "அக்கா, நீயும் வா" என்றான். போனேன்.

ஐந்தருவி போகும் சாலையில் ஒரு லாட்ஜ். மாடி ஹாலில் பதினொரு பேர் இருந்தார்கள். காலையில் அருவியில் குளித்த எண்ணெய் வாசம் எல்லோர் மேலும் இருந்தது. எண்பத்து நான்கு வயதுப் பரமேஸ்வரன் நடுநாற்காலியில் உட்கார்ந்து பழையபடி பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். செத்தவர்கள் பெயர் வந்தால் மற்றவர்கள் "லீவு சார்!" என்று கத்தினார்கள்.

"ஏலே இஸ்மாயிலு, மேல் பல்லு எங்கலே?"

"மெயினருவில போயிட்டு அண்ணாச்சி. தண்ணி தென்காசிக்குத்தான வரும், உங்க வீட்டு வாசல்ல பிடிச்சு வைங்க."

"பிடிச்சா எம் பொண்டாட்டி மாட்டிக்கிடுவா. அவளுக்கும் இல்ல."

தம்பியைக் கண்டதும் "ஊசி வந்துட்டான்!" என்று ஒருவர் எழுந்து தழுவினார். அந்தப் பெயர் அங்கேயும் போயிருக்கிறது. எனக்கு ஒரு நாற்காலி போட்டு, வடையும் டீயும் தந்தார்கள். சண்டைக் கதைகள் ஒவ்வொன்றாக வந்தன. பனியில் டீ உறைந்தது, ஒரு அதிகாரியின் பூட்ஸில் எலி குட்டி போட்டது. மணி பதினொன்றரை இருக்கும். மதுரைக்காரர் ஒருவர், "சாக்கோ சார் மக வரதுக்கு முன்னாடி அந்தக் கதையச் சொல்லிருங்க அண்ணாச்சி, வந்தப்புறம் சொல்ல முடியாது" என்றார். மூன்று நான்கு பேர் அப்போதே சிரிக்க ஆரம்பித்தார்கள். அது அவர்கள் பலமுறை கேட்ட கதை என்று எனக்குப் புரிந்தது.

பரமேஸ்வரன் தம்பியைப் பார்த்தார். "இவன் இருக்கானே" என்றார். பிறகு கையை வீசினார். "இருந்தா என்ன? அம்பத்திரண்டு வருஷம் ஆச்சு. இனி எவன் விசாரிக்கப் போறான்?"

சொன்னார். இருக்கைக்கு அடியில் இருக்கும் தோட்டாவுக்குக் காலக்கெடு உண்டு; தாண்டினால் வெடிக்காமல் போகலாம். சாக்கோ சார் விமானத்தில் இருந்தது கெடு முடிந்து ஐந்து வாரம் ஆனது. புதிது வரவில்லை. பறக்கக் கூடாது என்று எழுதியிருக்க வேண்டியவர் பரமேஸ்வரன். சண்டை நேரமென்று எழுதாமல் விட்டார். விமானம் விழுந்ததும் முதலில் ஓடிப்போய்ப் பார்த்ததும் அவர்தான். ஊசி எதுவும் இருக்கையில் இல்லை.

"விசாரணை மறுநாள் வருதுன்னாங்க. என்ன செய்ய? எரிஞ்ச சீட்டுல செருகி வைக்கணும்லா, டீ போடுத ஸ்டவ்வுல ஒரு ஊசிய வாட்டினோம். இஸ்மாயில்தான் இடுக்கியப் பிடிச்சான். வாட்டுதோம் வாட்டுதோம், நாடா எரிஞ்சு இவன் மீசையில பத்திக்கிட்டு. அவ்வளவு துக்கத்துலயும் சிரிப்ப அடக்க முடியல, பாத்துக்கிடுங்க!"

ஹாலே சிரித்தது. இஸ்மாயிலும் சிரித்தார்; பாதியில் தம்பி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தம்பி கேட்டான், "அப்ப நான் அஞ்சும் எடுத்தேனா, அண்ணாச்சி?"

"எடுத்தலே. நீ எடுக்காம விட்டிருவியா? உன் வேலை அப்படி." அவர் அவன் தோளில் தட்டினார். "எனக்கு ரெண்டு பிள்ளை. இஸ்மாயிலுக்குக் கல்யாணம் நிச்சயமாயிட்டு. நீ ஒருத்தன்தான் ஒண்டிக்கட்டை. வயலும் இருக்கு, போயி உழுதுக்கிடுவான்னு நினைச்சோம். எதையும் மனசுல வச்சுக்கிடாதே, என்ன? வடை எடு."

தம்பி வடை எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. சட்டைப் பையில் இருந்த தாளைத் தொட்டுப் பார்த்தான். நான் "போவோம்" என்றேன். "அந்தப் பொண்ணு வரட்டும் அக்கா" என்றான்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு சூசன் வந்தாள். அப்பா முகம் பார்க்காமல் பிறந்தவளுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. யார் பக்கத்திலும் உட்காரவில்லை. "பெருமாள் ஆரு?" என்று கேட்டாள். தம்பி எழுந்து நின்றான். அவள் நேராக வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"என்னைப் பெத்த அம்மச்சி போன வருஷம் மரிச்சு. சாகும்போது சொன்னா, மோளே, அந்தப் பையனை எங்கயாவது கண்டா, மன்னிச்சிட்டேன்னு சொல்லணும்னு. அது சொல்லத்தான் நான் வந்தது. நீங்க அன்னிக்கு மறைக்காம ஒத்துக்கிட்டீங்க. அது போதும்."

அவன் கேட்க வந்தது கேட்காமலேயே கைக்கு வந்துவிட்டது. தலையாட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். என் தம்பி தலையாட்டவில்லை.

"அம்மா, நான் அஞ்சும் எடுத்துட்டேன். ஊசியில்லம்மா, தோட்டாதான் பழசு. இவங்க இப்பத்தான் சொன்னாங்க. அண்ணாச்சி, அவங்ககிட்டயும் சொல்லுங்க."

பரமேஸ்வரன் தம்ளரைக் கீழே வைத்தார். "என்ன சொன்னேன்?"

"ஸ்டவ்வுல வாட்டினதை."

அவர் சூசனைப் பார்த்து இரக்கமாகப் பேசினார். "கொஞ்ச காலமா அவனுக்கு ஞாபகம் ஒரு நிலையில இல்லம்மா. பொண்டாட்டியும் போயிட்டா. பாவம். நீ இங்கன வந்து உக்காரு."

"நானும் கேட்டேன்" என்றேன் நான். "என் காதால கேட்டேன்."

"கூடப்பிறந்தவ, வேற எப்படிச் சொல்லுவா?" என்றார் மதுரைக்காரர்.

நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். ஒருவர் வடைத் தட்டை நகர்த்தினார், ஒருவர் மின்விசிறியைக் கூட்டி வைக்கப் போனார். இஸ்மாயில் டீ தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூசன் கைகளை விடுவித்துக்கொண்டாள். "அம்மச்சி தினம் உங்க பேரைச் சொல்லி ஜெபிச்சா. மன்னிப்புக் கொடுக்க வந்த இடத்துல, இந்த வயசான மனுஷன் தலையில கொண்டு வைக்கறீங்களே. குற்றவாளின்னாலும் நேர்மையான ஆளுன்னு நெனச்சேன். நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கிட்டேன். அம்மச்சி சொன்னதையும்."

போய்ப் பரமேஸ்வரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இலை போட்டார்கள். அவர் தன் கையாலேயே அவளுக்கு அப்பளம் எடுத்து வைத்தார். நாங்கள் படி இறங்கியபோது மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. எலிக் கதையை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். அன்று மாலை ஐந்து நாற்பதுக்குத் தம்பியைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் இஸ்மாயில் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே அழுதார். தம்பி அழவிட்டான். பிறகு தாளும் பேனாவும் எடுத்து முன்னால் வைத்தான்.

"எழுது. அந்தப் பொண்ணுக்கு எழுது. இடுக்கியப் பிடிச்சது நீதான?"

"கண்ணாடி கொண்டாரலையே பெருமாளு."

என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். மூன்று வரி எழுதினார். நான்காவது வரியில் பேனா நின்றது. "அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திருதேன். என்ன இருந்தாலும் அவருகிட்டச் சொல்லாம..." என்று எழுந்தார். தாளை மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு போனார். ஆகஸ்ட் முடிந்தது, அவர் வரவில்லை. தம்பி போன் செய்தால் எடுப்பதில்லை.

செப்டம்பர் 14ஆம் தேதி தம்பி வெள்ளை வேட்டி கட்டி, "புனலூருக்குப் போவோம்" என்றான். ரயிலில் போனோம். விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்கும்போது மணி ஒன்றேகால். இரும்பு கேட், உள்ளே நீளமான முற்றம். சூசன் ஜன்னலில் வந்து எங்களைப் பார்த்தாள். திரையை இழுத்துவிட்டாள்.

கேட்டுக்கு வெளியே நின்றபடியே தம்பி பேசினான். விசாரணைக்கு முன்னால் நிற்பவனைப் போல விறைப்பாக நின்று, தன் பெயர், எண், பிரிவு சொல்லி, அந்தக் காலையில் நடந்ததை முதலிலிருந்து வரிசையாக, சத்தமாகச் சொன்னான். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவன் சொல்லி முடிக்க ஏழு நிமிஷம் ஆயிற்று.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பையன் வந்தான். அவள் மகனாக இருக்கலாம், இருபத்தைந்து வயதிருக்கும். கேட்டைத் திறக்கவில்லை. "அம்மா போலீஸை விளிக்கட்டுமான்னு கேக்கறாங்க" என்றான்.

"கூப்பிடச் சொல்லு தம்பி" என்றான் என் தம்பி. "அவங்ககிட்டயும் சொல்லுதேன்."

கேட் ஓரத்தில் நிழல் இல்லை. வெயிலில் இருவரும் காத்து நின்றோம்.